நீண்ட கூரை

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் துவாரகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. வானிலை அறிக்கையைவிட நான் அதைத்தான் நம்புகிறேன். உனக்குச் சளி விட்டதா, சுடுதண்ணீர் குடிக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னா. வழக்கம்போலத் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். தொலைபேசியில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. இது ஆற அமரச் சொல்ல வேண்டிய விஷயம்.

நமுனுகுல தோட்டத்து இராக்கம்மாவை உனக்கு நினைவிருக்கும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் நம் விடுதிக்குக் கீழே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் இருந்த தொழிலாளர் லயத்தில் கடைசிக் காம்பரா அவர்களுடையது. அவள் மகன் ரமேஸ் உன்னோடு மூன்றாம் வகுப்பில் இருந்தவன். உன் பென்சிலைக் கடித்துத் துப்பியதற்காக நீ அவனைப் பற்றி என்னிடம் கோள் சொன்னாய். அவனுக்கு இப்போது கலியாணமாகி, கலாராணி என்ற பிள்ளை அவன் மனைவி. போன மழையில் அவர்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்து, மண் சரியலாம், அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருக்கக் கூடாது என்றார்களே தவிர, எங்கே இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சமதரையில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்றுதான் ரமேஸ் வெளிநாடு போனான்.

அவன் போன இடம், உங்கள் அலுவலகத்தில் நீங்கள் இப்போது, வானத்திலிருந்து செய்மதி எடுக்கும் படங்களில் இராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தீவு. எரிமலை வெடித்த தீவு. வடக்குச் சரிவில் ஒரு வாழைத்தோட்டத்தில் வேலை.

இராக்கம்மா இன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கலாராணியும் கூட வந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மா கொடுத்த தேநீரை இருவரும் கையில் வைத்திருந்தார்களே தவிரக் குடிக்கவில்லை. வியாழக்கிழமை ரமேஸ் பேசியிருக்கிறான். பிறகு அழைப்புப் போகவில்லை. அதற்கு முன் அவன் அனுப்பிய குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். "சாம்பல் கொட்டுதும்மா. மழ மாதிரி இல்ல, மா சலிக்கிற மாதிரி கொட்டுது. பகல்லயே லைட்டு போட்டிருக்கோம்" என்கிறான். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு என்னவோ செய்தது.

எரிமலை வெடித்த சேதி கேட்ட அன்று, கோயிலில் நான் நான்கு பேர் முன்னால் உன் வேலையைப் பற்றிப் பெருமை பேசியிருந்தேன். அதன் பலன் இன்று வீட்டுக்கே வந்துவிட்டது. "நீங்கதான சொன்னீங்க மாஸ்டர், ஒங்க பாப்பா வானத்துலேருந்து கூரைய எண்ணுதுன்னு. அப்புடியே நம்ம பயல ஒரு எட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் இராக்கம்மா. செய்மதிக்குக் கூரைதான் தெரியும், கூரைக்குக் கீழே இருக்கிற ஆள் தெரியாது என்றேன். "அவன் எங்க கீழ இருக்கப் போறான்? கூரைக்கு மேலதான் ஏறிக்கிட்டு இருப்பான். பொறந்ததுலேருந்து அப்புடித்தான்" என்றாள்.

மேகமும் புகையும் மூடியிருக்கும்போது எப்படித் தெரியும் என்று கலாராணி கேட்டாள். அப்புத்தளையில் மூட்டம் இறங்கும்போது லயத்துச் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா, அதுபோல ஒருவகைச் செய்மதி ராடார் அலையால் நிலத்தைத் தடவிப் பார்க்கும் என்றேன். மேடு பள்ளம் தெரியும், நிறம் தெரியாது. இன்னொரு வகை படம் பிடிக்கும், ஆனால் மேகம் விலக வேண்டும். மற்றொன்று சூட்டை மட்டும் பார்க்கும், அடுப்பைத் தொடாமலே கையை மேலே நீட்டிப் பார்ப்பதுபோல. சரியாகத்தான் சொன்னேனா துவாரகா? கலாராணி தலையாட்டினாள். இராக்கம்மா ஆட்டவில்லை. "தடவுறப்ப நம்ம பயலும் கையில சிக்குவானா?" என்றாள்.

அடையாளம் சொல்கிறேன். வடக்குச் சரிவு. ஆறு வளைகிற இடத்துக்கு மேலே வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே, அவர்கள் தங்கியிருக்கும் நீளமான ஒரு தகரக் கூரை. ரமேஸ் அங்கே போனதும் தகரத்தின் மேல் பழைய டயர்களை ஏற்றி வைத்திருக்கிறான், நம் தோட்டங்களில் காற்றுக்கு வைப்பதுபோல. மற்றத் தேசத்துப் பையன்கள் "கூரைமேல லாரி ஓட்டப் போறியா?" என்று கேலி செய்தார்களாம். அடுத்த காற்றில் டயர் வைக்காத பக்கம் தகரம் பறந்த பிறகு, எல்லோரும் டயர் தேடி அலைந்தார்களாம். படம் அனுப்பியிருக்கிறான், இத்துடன் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகம் வெளியிட்ட, ஆள் குடியிருக்கும் இடங்களுக்கு நிறம் போட்ட வரைபடத்தை நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கரையோரக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் நிறம் இருக்கிறது. ஆறு வளைகிற இடத்தில் ஒன்றும் இல்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ தெரியாது.

வேலைக்கு நடுவே கேட்கிறேன் என்று குறை நினைக்காதே. ஒரு தடவை பார் பிள்ளை. பார்த்ததை மறைக்காமல் சொல்.

உன் சுகத்தை வேண்டும்,
அப்பா.


பதுளை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள துவாரகா,

நீ நேற்று அழைத்து, நடுவிலே பேச முடியாமல் வைத்துவிட்டாய். அதனால் நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். பிழையானால் திருத்து.

கூரையைக் கண்டுவிட்டாய். வெடிப்புக்கு முன்னால் எடுத்த படத்தில், நீண்ட கூரையில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு வட்டங்கள். டயர்கள்தான். அந்தக் கூரைக்கு உங்கள் வரைபடத்தில் நிறம் இல்லாததற்குக் காரணமும் சொன்னாய். அதைக் களஞ்சியம் என்று குறித்திருந்தீர்கள், உரமூட்டை வைக்கிற இடம். முற்றம் இல்லை, வேலி இல்லை, தனித்தனிக் கூரை இல்லை, ஆகவே கணினி அது வீடு இல்லை என்றது. "அப்பா, கணினி சொன்னதுக்குச் சரி போட்டது நான்தான்" என்றாய். அதற்குப் பிறகுதான் உன்னால் பேச முடியவில்லை.

ஆட்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போன லாரிகள் அந்த வரைபடத்தில் நிறம் இருந்த இடங்களில்தான் நின்றன என்றும் சொன்னாய். களஞ்சியத்துக்கு லாரி போகாது. எனக்கு விளங்கியது.

இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். சனிக்கிழமை மேகம் கொஞ்சம் விலகிய நேரத்தில் எடுத்த படத்தில் சரிவு முழுக்கச் சாம்பல், கூரையும் சாம்பல். ஆனால் அதன் ஒரு நுனியில் ஒரு துண்டு மட்டும் தகரம் பளபளத்தது. வேறொரு செய்மதி அன்று மாலை எடுத்த படத்தில் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை முழுக் கூரையும் பளபளப்பு. யாரோ ஏறிக் கூட்டியிருக்கிறார்கள்.

இதை இராக்கம்மாவிடம் சொன்னேன். அவளும் கலாராணியும் சேதி தெரியாமல் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டோம் என்று பதுளையிலேயே, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் இராக்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். "நாந்தான் சொன்னேன் மாஸ்டர்! வெசாழக்கெழம பேசுறப்ப, கூரை கனக்கும்டா, மழ வர முன்ன கூட்டிருன்னு நாந்தான் சொன்னேன். கேட்டிருக்கான் பாருங்க!" என்றாள். லயத்துக் கூரை ஒன்றாக இருந்தாலும் அவரவர் காம்பராவுக்கு மேலேதான் அவரவர் கூட்டுவார்கள், அடுத்தவன் கூரையில் விளக்குமாறு பட்டால் சண்டை வரும் என்பது உனக்கும் தெரியும். "மொதல்ல கூட்டுன துண்டு அவன் காம்பரா. அப்புறம் எல்லாத்துக்கும் சேத்துக் கூட்டிட்டான், இளிச்சவாயன்" என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலாராணி அப்போதுதான் நம் வீட்டில் தேநீர் குடித்தாள். சீனி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கூரையின் அந்தப் படத்தை அவர்களுக்கு நான் காட்டவில்லை, நீ இன்னும் எனக்கு அனுப்பவில்லையே. வாயால் சொன்னதே போதுமாக இருந்தது.

களஞ்சியம் என்று குறித்ததை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றா. பிறகு குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை தன்ர வாயால சொன்னதை நீங்கள் ஊருக்குச் சொல்லப்போறியளோ? படகு போய் ஆளைக் கொண்டுவந்தா எல்லாம் சரியாப்போயிடும்" என்றா. நானும் சரி என்றேன். படகு போகட்டும்.

நீ நேற்றே திருத்திவிட்டாய், அந்தக் கூரைக்கு நிறம் போட்டாயிற்று, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தீவுக்காரருக்கு அறிவித்தாயிற்று, கடற்படைப் படகு நாளைக் காலை ஆற்றுமுகத்துக்குப் போகும் என்று சொன்னார்கள் என்றாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே நான்கு பேர் இருக்கிறோம். இராக்கம்மா முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். அம்மா தன் நேர்த்தியை வெளியே சொல்லவில்லை.

சாப்பிடு. வெறும் வயிற்றோடு வரைபடம் திருத்தக் கூடாது. படகு போன சேதி வந்ததும், நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுது.

உன் வரியை எதிர்பார்க்கும்,
அப்பா.


பதுளை,
சனிக்கிழமை.

என் அன்பு மகளுக்கு,

உன் நீண்ட கடிதத்தையும் படங்களையும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை.

நீ எழுதியபடி, படகு போவதற்கு முதல் நாள் சாயந்தரமே மலை மறுபடி வெடித்து, சூட்டு மேகம் அந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிவிட்டது. சூட்டைப் பார்க்கிற செய்மதியின் படத்தில் சரிவு நெடுகிலும் கடல் வரைக்கும் வெள்ளைக் கோடு. ராடார் படத்தில் பழைய நிலமே இல்லை. ஆறு வளைந்த இடத்தில் வளைவு இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. கூரை இருந்த இடத்தைக் காட்ட நீ சின்னதாக ஒரு சதுரம் போட்டிருக்கிறாய். சதுரத்துக்குள்ளே ஒன்றும் இல்லை. படகு போனது, கரையை நெருங்க முடியாமல் திரும்பியது, மறுநாள் போனவர்களும் ஒருவரையும் காணவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

கலாராணிக்கு உடம்பு சரியில்லை என்று அவர்கள் நமுனுகுலவுக்கே திரும்பியிருந்தார்கள். அதனால் நேற்று நானே போனேன். அம்மா வாசல் வரை வந்து, "மற்றதைச் சொல்லாதேங்கோ" என்றா. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். கணக்கில் ஒரு பிள்ளை தவறு விட்டால் விடையை மட்டும் அழித்துவிட்டு அடுத்த பக்கம் போக நான் ஒருநாளும் விட்டதில்லை. எந்த வரியில் பிசகியது என்று காட்டாவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியாது. இராக்கம்மா எப்படியும் ஒரு கேள்வி கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பொய் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

இருக்கக் கூடாது என்ற அந்த லயத்திலேயேதான் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கண்டதும் இராக்கம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான் தனியாக, முன்னறிவிப்பு இல்லாமல் மலையேறி வந்ததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்தாள். நான் சொன்னேன். படத்தில் ஆற்று வளைவே இல்லை என்று சொன்னபோதுதான் அவள் உட்கார்ந்தாள்.

கலாராணி உட்காரவில்லை. "படத்துல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எத வச்சுச் சொல்றீங்க? கூரையத்தான மூடிருக்கு. அவரு எறங்கிப் போயிருப்பாரு" என்றாள். சில நேரம் பேசாமல் இருப்பதே பொய்யாகிவிடும் என்று தோன்றியதால், போனவர்கள் ஒருவரையும் காணவில்லை அம்மா என்றேன்.

பிறகு இராக்கம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "கரையில எல்லாத்தையும் லாரியில ஏத்துனாங்களே மாஸ்டர். இதுகளுக்கு மட்டும் ஏன் லாரி வரல?"

சொன்னேன் பிள்ளை. வரைபடத்தில் அது களஞ்சியம் என்று இருந்தது, அதற்குச் சரி போட்டது என் மகள் என்று சொன்னேன். கணினியின் மேல் போடவில்லை, அலுவலகத்தின் மேலும் போடவில்லை. நீ என்னிடம் சொன்ன அதே மாதிரிச் சொன்னேன்.

கலாராணி என்னை நேராகப் பார்த்தாள். "இதே லயத்து வாசல்ல அவரோட பந்து வெளையாடுன புள்ளதான அது?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுக்கு வேலையில ஒரு தப்பு. எனக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இதை உனக்கு எழுதலாமா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். எழுதுகிறேன். அவளுக்கு அதைக் கேட்கிற உரிமை உண்டு, உனக்கு அது தெரிய வேண்டும்.

இராக்கம்மா கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்த கால்களைத் தடவிக்கொண்டே பேசத் தொடங்கினாள். "எங்க வீட்டுக்கே இங்க நம்பரு கெடையாது மாஸ்டர். கடுதாசி வந்தாத் தோட்டத்து ஆபீசுலதான் கெடக்கும். இங்க இருக்கவங்களே வீடுன்னு எழுதல, அம்புட்டுத் தொலவுல இருந்து அந்தப் பாப்பா என்னான்னு எழுதும்?" என்றாள். அப்படிச் சொல்லி உன்னை விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அத்தோடு நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை ரமேஸ் பேசியபோது, கூரையைக் கூட்டு என்று மட்டும் அவள் சொல்லவில்லையாம். அவன் ஒரு யோசனை கேட்டிருக்கிறான். நடந்தே துறைமுகத்துக்கு இறங்கிவிடவா, இல்லை லாரி வரும் வரைக்கும் இருக்கவா என்று. இவள் இரு என்றிருக்கிறாள். மண்சரிவு வந்த வருசங்களில் இங்கே எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள். தோட்டத்தில் சொல்லாமல் லயத்தை விட்டு இறங்கினால் வேலைப் பதிவில் பேர் வெட்டுவார்கள், பிறகு திரும்பி வந்தால் காம்பரா இருக்காது. லாரி வரும், எல்லோரையும் ஏற்றும் என்று இருந்து பழகியவர்கள். "ஆபீசுல சொல்லாம எறங்காதடா, லாரி வரும்னு சொன்னேன் மாஸ்டர். சரிம்மான்னான். அந்தப் புள்ள லாரிய அனுப்பல. நான் அவன எறங்க விடல." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கலாராணிக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். கலாராணிக்கு இது தெரியாதாம். அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளா என்பது எனக்குத் தெரியாது.

நான் கிளம்பும்போது இராக்கம்மா பஸ் தரிப்பு வரை கூடவே இறங்கி வந்தாள். காரியம் செய்ய வேண்டும் என்கிறாள். கலாராணி தாலியில் கை வைக்க விட மாட்டேன் என்கிறாளாம். "அவளும் சரிதான், எதைக் கண்டோம்" என்றாள். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாப்பாகிட்ட சொல்லுங்க. நானும்தான் இருக்கச் சொன்னேன். தப்பு அது மேல மட்டும் இல்லன்னு சொல்லுங்க."

கலாராணியும் பின்னாலேயே இறங்கி வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், கூட்டிய கூரையின் படத்தை மட்டும் அனுப்பும்படி சொன்னாள், அதற்குப் பிறகு எடுத்தது எதுவும் வேண்டாமாம். அவள் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். என் வழியாக அனுப்பாதே. நீயே அனுப்பு. அவள் பதில் போடாவிட்டாலும் அனுப்பு.

வேலையை விட்டுவிடப் போவதாக எழுதியிருந்தாய். அப்பா வேண்டாம் என்று கட்டளை போடவில்லை. ஆனால் பிழை விட்ட பிள்ளையை நான் வகுப்பை விட்டு அனுப்பியதில்லை, கரும்பலகைக்கு முன்னால்தான் கூப்பிட்டிருக்கிறேன். போவதென்றால், அதற்கு முன் ஒரு காரியம் செய். உன் செய்மதிகளில் ஒன்று நம் மலைக்கு மேலேயும் போகுமல்லவா? நமுனுகுல பக்கம் பார். அப்புத்தளை பக்கமும் பார். தேயிலைக்கு நடுவே நீண்ட கூரைகள் தெரியும், டயரும் கல்லும் ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை கதவு என்று மேலிருந்து தெரியாது. தெரியாவிட்டால் என்னைக் கேள். முழங்கால் வலிக்காத நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டிப் பார்த்து எழுதுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்கள் வரைபடத்தில் வீடாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பா என்று நினைத்தேன். கலாராணிக்கு எத்தனையாம் மாதம் என்று மறுபடி கேட்டு, அலுமாரியில் இருந்து நீ பிறந்தபோது கட்டிய வெள்ளைத் துணிகளை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறா.

நீ இந்தக் கடிதத்தை வாசித்து அழுவாய். அழுது முடித்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு அந்தப் படத்தை அனுப்பு. பிள்ளையாரும் முருகனும் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். கலாராணியின் பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும். அது பிறக்கும்போது மழை இல்லாமல் இருக்கட்டும்.

என்றும் உன்னை நினைக்கும்,
அப்பா பரமலிங்கம்.